பிசினில் அகப்பட்ட எறும்பு

சென்ற தவணை முடிவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், காலையில் முதலாம் பாடத்துக்கு மணி அடிக்குமுன்னரே, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ்ஸேறி வரும் மாணவன் ஒருவன் எமது மேசையருகே வந்து நின்றான். அவன் உள்ளங்கையில் தேன் நிறத்து மணியொன்று இருந்தது. புளியங்கொட்டையிலும் சற்றுப் பெரிது. அதனை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினான். நடுவிலே கறுத்த எறும்பொன்று ஆறு கால்களையும் அழகாக விரித்தபடி கிடந்தது.

“அம்பர், சேர். பல கோடி வருஷத்துக்கு முந்தின எறும்பு. தம்புள்ளையில் வேலை செய்கிற மாமா என் பிறந்த நாளுக்கு 8,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். சட்டையிலே தேய்த்தால் கடதாசித் துண்டை இழுக்கிறது, பாருங்கள்” என்றான்.

இழுக்கத்தான் செய்தது. அம்பரைத் தேய்த்தால் அது துரும்பை ஈர்க்கும் என்பதைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அவர்கள் மொழியில் அம்பருக்கு வழங்கிய ‘எலெக்ட்ரான்’ என்னும் சொல்லே மின்சாரத்துக்கு மேனாட்டு மொழிகளில் வழங்கும் பெயருக்கு மூலமாயிற்று. இவையெல்லாம் அப்பையன் எங்கோ படித்து வைத்திருந்தவை. ஆயினும், தலை வாரும் பிளாஸ்டிக் சீப்பும் கடதாசியை அவ்வாறே இழுக்கும் என்பது அவனுக்கு நினைவு வரவில்லை. எமக்கு வந்தது. ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த உண்மையையும் வகுப்பு முழுவதும் பார்க்க நிறுவிக் காட்டினால்தான் மனம் நிறையும்.

விதைநெல் தெரியும் கமக்காரர் உப்புநீர் கரைத்து அதில் முட்டையை மிதக்கவிட்டு அளவு பார்ப்பதை வாசகர் பலர் கண்டிருப்பர். அதே நீர்தான் அம்பருக்கும் சோதனை. முட்டை நன்றாக மேலெழும் அளவுக்கு உப்பைக் கரைத்தால், மெய்யான அம்பர் அதில் மிதக்கும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கில் பெரும்பாலான வகைகளும் அமிழ்ந்துவிடும். அன்று விஞ்ஞான பாடத்தில், நாற்பது மாணவர் சூழ்ந்து நிற்க, கண்ணாடிக் குவளையில் உப்பைக் கரைத்து அம்மணியைப் போட்டோம். ஒரு கணமும் தயங்காமல் அது அடிக்குச் சென்று ‘டிக்’ என்று தட்டியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பையன் ஒன்றும் பேசவில்லை. பாடம் முடிந்ததும் நீரில் கையை விட்டு மணியை எடுத்து, சட்டையில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு போனான்.

எட்டாயிரம் ரூபாயை ஈட்ட அம்மாமன் எத்தனை நாள் உழைத்திருப்பார் என்னும் கணக்கு, வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எமக்கு ஓடியது. உண்மையை மறைத்திருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம்.

*

அம்பர் என்றால் என்னவென்று முதலிற் கூறிவிடுவோம். அந்தப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. திமிங்கிலத்தின் குடலில் விளைந்து கடலில் மிதந்துவரும் வாசனைப் பொருளுக்கும் அம்பர் என்றே பெயர். நம் பழைய வைத்திய நூல்கள் அம்பர் என்று கூறுவது பெரும்பாலும் அதனையே. நாம் பேசுவது வேறு. அது மரத்தின் பிசின். பட்டை காயப்பட்டபோது ஒழுகிய பிசின் மண்ணுள் புதைந்து, இலட்சக்கணக்கான ஆண்டுகளாக இறுகி இறுகிக் கல்லின் தன்மை பெற்றது. ஒழுகும் நேரத்தில் அவ்வழியே வந்த எறும்போ, கொசுவோ, காற்றில் வந்து ஒட்டிய பூவோ அதில் அகப்பட்டால், மேலும் மேலும் வழியும் பிசின் அதனை மூடிவிடுகிறது. பாறையில் பதிந்த உயிர்ச்சுவடுகள் நசுங்கித் தட்டையாகக் கிடக்கும். அம்பரிலோ கொசுவின் காலிலுள்ள மயிரையும் எண்ணலாம்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏமாந்தவர் நம் மாணவன் மட்டுமல்லர். லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் ஓர் ஈ அடங்கிய அம்பர்த் துண்டு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் லோவ் என்னும் ஜெர்மானியப் பூச்சியியலார் வைத்திருந்த சேர்க்கையைச் சேர்ந்தது அது. 1922இல் அரும்பொருட்சாலைக்கு வந்தது. இன்றும் மலசலகூடங்களில் மொய்க்கும் ஈயினமே பல கோடி ஆண்டுகளாகச் சிறிதும் மாறாமல் இருந்துவந்துள்ளது என்பதற்கு அது சான்றாகக் கொள்ளப்பட்டது. ஈக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் தமக்கு நிகரில்லாத ஹென்னிக் என்பவரும் 1966இல் அதனை மெய்யென்றே ஏற்றார். 1993இல் அண்ட்ரூ ரோஸ் என்னும் இளைஞர் அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கின் சூட்டினால் ஈயைச் சுற்றி வெடிப்பொன்று தோன்றிற்று. யாரோ ஒரு கைகாரன் மெய்யான அம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, சாதாரண ஈயொன்றை உள்ளே வைத்து ஒட்டியிருந்தான்! அம்பரில் அகப்பட்ட கொசுவின் இரத்தத்திலிருந்து பூதாகாரமான பழங்கால விலங்குகளை மீட்டெடுப்பதாகக் கதை சொன்ன திரைப்படம் உலகை உலுக்கியதும் அதே 1993இல்தான் என்பது வேடிக்கை. அக்கதை கதையாகவே நிற்கிறது; அத்தனை காலம் மரபணுப் பொருள் சிதையாமல் இருப்பதில்லை.

இதற்கு மேல் கொபல் என்றொரு பொருளும் உண்டு. சில நூறு அல்லது சில ஆயிரம் ஆண்டுகளே ஆன இளம்பிசின். மடகாஸ்கரிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வருவது. உப்புநீரில் அதுவும் மிதக்கும். ஆனால் நகத்துக்குப் பூசும் சாயத்தைப் போக்கும் திரவத்தில் ஒரு துளி விட்டால் கொபல் பிசுபிசுக்கும். இச்சோதனையும் முடிந்த முடிபன்று என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

*

அன்றிரவு எமக்கு வந்த எண்ணம் இதுதான்: மணி மிதந்திருந்தால் அப்பையனிடம் அடுத்து என்ன கேட்டிருப்போம்? எங்கிருந்து வந்தது என்றுதான். மாமாவிடமிருந்து, கடையிலிருந்து என்று அவன் சொல்லியிருப்பான். அதற்கு அப்பால் அவனுக்கும் தெரியாது, கடைக்காரனுக்கும் தெரியாது. எந்த மண்ணில், எந்தப் படையில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்னும் செய்தி அறுந்துபோன அம்பர், பெயரும் ஊரும் சொல்லத் தெரியாமல் திருவிழாக் கூட்டத்தில் தவறிய குழந்தையை ஒத்தது. பார்க்க அழகாயிருக்கும், அதனிடம் ஒன்றும் கேட்டறிய முடியாது.

நமது மாத்தளையில் அம்பர் கிடையாது, தேடிப் புறப்படவேண்டாம். கவடுப்பாளையைக் கிழித்துப் பார்க்கிற ஆவலோடு மண்ணைக் கிளறும் பிள்ளைகளுக்கு இங்கே மைக்கா கிடைக்கும், டொலமைட் கிடைக்கும், ஆற்று மணலில் சிறு கற்கள் மின்னும். நம் மலைகளின் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியது. பூச்சி என்னும் இனமே பிறவாத காலம் அது. அடுப்பில் வைத்து எடுத்த பாத்திரத்தில் எறும்பைத் தேடலாமா?

ஆயின் நமக்கு அயலிலேயே அம்பர் உண்டு. இந்தியாவில் குஜராத் மாநிலத்துச் சூரத் நகருக்கு வடகிழக்கே வஸ்தான் என்னுமிடத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டும் சுரங்கம் ஒன்று. தட்கேஷ்வர் என்பது இன்னொன்று. நெய்வேலியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இவ்வகைச் சுரங்கம் எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நிலக்கரிக்கு மேலும் இடையிலும் உள்ள களிமண்ணை வாரிக் கொட்டும்போது அதனுள்ளே மஞ்சட் கட்டிகள் கிடந்தன. நிலக்கரிக்காரர்களுக்கு அவை பயனற்ற குப்பை. இலக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஹுக்கும் சிங், கர்வால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராணா, ஜெர்மனியின் பொன் நகரத்து ஜெஸ் ரஸ்ட், நியூயோர்க்கின் டேவிட் கிரிமால்டி ஆகியோரும் பிறரும் அக்குப்பையைச் சேகரித்து ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். கம்பாத்து வளைகுடாவின் பெயரால் அதற்குக் கம்பே அம்பர் என்று பெயர்.

வயது 5 கோடி ஆண்டுகளுக்குச் சிறிது மேல். அதனுள் அகப்பட்டிருந்த பூச்சி, சிலந்தி முதலியவற்றில் 55க்கு மேற்பட்ட குடும்பங்களையும் 100க்கு மேற்பட்ட இனங்களையும் அவர்கள் இனங்கண்டனர். தேனீ இருந்தது, கறையான் இருந்தது, எறும்பு இருந்தது. கூடிவாழும் பூச்சிக் கூட்டமெல்லாம் அக்காலத்திலேயே அங்கே குடியேறிவிட்டன.

இதில் வியப்பு யாதெனில், அந்நாளில் இந்தியா ஒரு தீவு போன்றது. தென்திசைப் பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து, கடலில் தனியே வடக்கு நோக்கி நகர்ந்து, ஆசியாவோடு மோதுந் தறுவாயில் இருந்தது. நம் இலங்கையும் அதனோடு ஒட்டியே அந்தப் பயணத்தைச் செய்தது. அத்தனை கோடி ஆண்டுகள் தனித்துக் கிடந்த நிலத்தில், வேறெங்கும் காணாத விசித்திரப் பூச்சிகளே இருந்திருக்கும் என்று அறிஞர் எதிர்பார்த்தனர். அம்பரோ வேறு சொல்லிற்று. அதிலிருந்த பூச்சிகளுக்கு வட ஐரோப்பாவில் உறவினர் உண்டு. அவுஸ்திரேலியப் பக்கத்தில் உண்டு. அமெரிக்காவின் வெப்பநாடுகளிலும் உண்டு. தனித்துக் கிடந்ததாக நாம் எண்ணிய வீட்டுக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் விருந்தினர் வந்துபோயிருக்கின்றனர். இக்கட்டிகள் பம்பாயில் ஏதோவொரு கடையில் மணிகளாக விற்கப்பட்டிருந்தால் இச்செய்தியில் ஒரு வரியும் கிடைத்திராது. சுரங்கத்தின் பெயரும் மண்படையின் அடையாளமும் உடன் எழுதப்பட்டிருந்ததால் அன்றோ கிடைத்தது!

மேலே குறித்த திரவச் சோதனையில் கம்பே அம்பரும் தோற்றுப்போகும். அது முற்றாக இறுகாதது; திரவத்தில் எளிதிற் கரைந்துவிடும். ஆராய்ச்சியாளருக்கு அது வரமாயிற்று. பிசினைக் கரைத்துவிட்டுப் பூச்சியை முழுதாக வெளியே எடுத்தனர். 5 கோடி ஆண்டுகளாகக் காற்றுப்படாத எறும்பு, அணு அணுவாகக் குலையாமல், குறட்டின் நுனியில்!

அப்பிசின் எந்த மரத்தினது? இங்கேதான் செய்தி நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அதன் இரசாயனத்தையும் கூடவே கிடந்த மரத்துண்டுகளையும் கொண்டு, இருசிறகுக் கனி தரும் மரக்குடும்பம் என்று தெளிந்தனர். நம் நாட்டில் ஹொர, தூண், ஹல் என்று சிங்களத்தில் வழங்கும் மரங்களெல்லாம் அக்குடும்பமே. சிங்கராஜ வனத்தில் வானளாவி நிற்பவை அவை. பெரும்பாலானவை இலங்கைக்கே உரியவை. ஹல் விதையை இடித்துப் பிட்டு அவிப்பர். அதன் பட்டையைக் கள்ளு முட்டியில் இட்டால் புளிப்பது தாமதமாகும். பேயாட்டச் சடங்குகளில் பந்தத்தின் மேல் வீசியவுடன் குப்பென்று தீப்பிழம்பு எழுகிறதே, அந்தத் தும்மலத் தூள் இம்மரங்களின் பிசின். தமிழில் வெள்ளைக் குங்கிலியம் என்று மருந்துக் கடையில் நிறுத்துத் தருவதும் தென்னிந்தியாவில் வளரும் இக்குடும்பத்து மரமொன்றின் பிசினே. சாம்பிராணி வேறு மரம்; இரண்டையும் ஒன்றென எண்ணுவோர் பலர்.

திருக்கடவூரில் நாள்தோறும் இறைவனுக்குக் குங்கிலியப் புகை இட்டு, வறுமை வந்தபோது மனைவி அரிசி வாங்கத் தந்த தாலியையும் குங்கிலியப் பொதிக்கே மாற்றிக்கொண்ட கலயநாயனாரின் வரலாறு சைவர் அறிந்தது. குங்கிலியம் என்ற பெயரில் பல மரப்பிசின்கள் வழங்குவதால் அவர் இட்டது எம்மரத்தினது என்று நாம் துணியோம். ஆயினும், வெள்ளிக்கிழமை மாலையில் தணலில் தூவும் பிசினுக்குச் சூரத் மண்ணில் 5 கோடி ஆண்டு மூத்த பாட்டி உண்டு என்று எண்ணும்போது எமக்குப் புகையின் மணமும் சற்று மாறித்தான் தோன்றுகிறது.

*

இடம் தெரிந்தால் எல்லாம் நன்மை என்று கூறவும் எமக்கு வாய் வரவில்லை. இன்று உலகச் சந்தையில் சேகரிப்போர் அதிகம் நாடுவது பர்மா அம்பரை. மியன்மாரின் வடக்கே, கச்சின் மாநிலத்து ஹுக்காவுங் பள்ளத்தாக்கில் குறுகிய குழிகளுக்குள் இறங்கி எடுப்பது. ஏறக்குறைய 9 கோடி 90 இலட்சம் ஆண்டு பழமையானது. சீன அறிஞர் ஷிங் லிடா 2015இல் மியிற்சீனா நகரச் சந்தையில் ஒரு துண்டைக் கண்டார். உள்ளே இருப்பது ஏதோ செடி என்று எண்ணி நகைக்காகப் பட்டை தீட்டிவிட்டிருந்தனர். அது சிறகு முளைத்த டைனோசரின் வால். மறு ஆண்டு அச்செய்தி வெளியாயிற்று. 2020 மார்ச்சில் உலகின் மிகச்சிறிய பறவை டைனோசர் என்று கொண்டாடிய இன்னொரு பர்மியத் துண்டு, பல்லியினம் என்பது தெளிந்து, அதே ஆண்டு ஜூலையில் கட்டுரை மீளப்பெறப்பட்டது. அறிவுலகில் இவ்வாறு நிகழ்வது இழுக்கன்று.

இழுக்கு வேறிடத்தில் உள்ளது. அப்பள்ளத்தாக்கு போர்க்களம். 2017 ஜூனில் இராணுவம் சுரங்கப் பிரதேசத்தைக் கைப்பற்றியது. அங்கு வாழ்ந்த மக்கள் பலர் வீடிழந்தனர். அம்பர் விற்ற பணம் ஆயுதமாகிறது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. முதுகெலும்புள்ள விலங்குகளின் உயிர்ச்சுவடுகளை ஆராயும் சங்கம், 2020 ஏப்ரலில் விஞ்ஞான ஏடுகளுக்கு எழுதி, 2017க்குப் பின் அங்கிருந்து வாங்கப்பட்டவற்றைப் பற்றிய கட்டுரைகளை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டது. மறுத்தவர்களும் உளர், ஆராய்ச்சி நின்றால் அத்துண்டுகள் நகைக்கடைக்குப் போய் முற்றாக அழியும், அத்தொழிலை நம்பிய ஏழைகளும் வருந்துவர் என்றனர். அந்த வாதத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. போர் என்றால் என்னவென்று நம் நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பணங்கொடுத்து வாங்கும் எவரும், இது யார் கையிலிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குதல் நலம். விடை கிடையாதெனில் எறும்பை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்பது எமது கருத்து.

*

விடுமுறைக்கு முந்திய நாள் அப்பையனைத் தனியே அழைத்து, வகுப்பில் செய்தது பிழை என்று சொன்னோம். “பரவாயில்லை, சேர்” என்றான். நாமும் அவனிடம் இந்த வஸ்தான் கதையைச் சொன்னோம். குப்பையைப் பொறுக்கியவர்கள் ஒவ்வொரு கட்டிக்கும் சீட்டு எழுதிய பகுதியை மட்டும் இருமுறை கேட்டான்.

புதிய தவணை தொடங்கிய முதல் வாரத்தில் தீப்பெட்டியொன்றுடன் வந்தான். உள்ளே பஞ்சின்மேல் பைன் மரப் பிசின். கொட்டைப் பாக்களவு, இன்னும் கையில் ஒட்டியது. அதில் பாதி மூழ்கிய சிற்றெறும்பு ஒன்று. றிவர்ஸ்டன் போகும் பாதையில் பைன் மரங்கள் நடப்பட்டிருப்பதை அவ்வழி சென்றோர் அறிவர். பெட்டிக்குள் மடித்த சீட்டில், அப்பியாசக் கொப்பிக் கோட்டுத்தாளில், திகதி, நேரம், வெயில், மரம், தரையிலிருந்து நெஞ்சளவு உயரம், வடக்குப் பக்கம், எறும்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது என்று எழுதியிருந்தான். இடத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. நாம் திருத்தவில்லை.

ஆய்வுகூட அலுமாரியில் அதற்கு ஓரிடம் ஒதுக்கினோம். “இதையும் வைக்கலாமா, சேர்?” என்று சட்டைப் பையிலிருந்து அந்தத் தேன் நிற மணியை எடுத்தான். அதற்கும் ஒரு சீட்டு ஆயத்தமாயிருந்தது: பிளாஸ்டிக். எறும்பு மெய்யானது. கிடைத்த இடம் தம்புள்ளை வீதி. தந்தவர் மாமா.